மேய்க்காலும் போச்சு, தாளும் போச்சு: மாடு ஏன் சரணாலயத்துக்குள் போகிறது?

காட்டுக்குள் மாட்டுப்பட்டி இருந்த இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். மரங்களுக்கு நடுவே அரை ஏக்கர், ஒரு ஏக்கர் அளவுக்கு வெட்டவெளி வரும். கால் வைத்தால் தரை மெத்தென்று அமுங்கும். குச்சியால் கிளறினால் ஒரு சாண் ஆழத்துக்கு மக்கிய சாணிதான். புல் இருக்காது, தகரையும் ஊமத்தையும் இடுப்பளவு நிற்கும். சுற்றியுள்ள வேல மரங்களில் கைக்கெட்டும் உயரம் வரை கிளையே இருக்காது. அத்தனையும் பட்டி வேலிக்கு முள்ளாகப் போயிருக்கும். பட்டியை எடுத்துப் பல வருஷம் ஆனாலும் அந்த இடம் பழைய காடாகத் திரும்புவது அரிது.

அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரி, பென்னாகரம் பக்கத்து மலைகளில் இப்படிப்பட்ட இடங்கள் நிறைய உண்டு. இங்கே மேய்ச்சல் நேற்று முளைத்த பழக்கமில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மலைப்பகுதியில் ‘தொட்டி’ என்று முடியும் குக்கிராமங்களின் பெயரிலேயே அது இருக்கிறது. கன்னடத்தில் அந்தச் சொல்லுக்கு மாட்டுப்பட்டி என்று பொருள். காவிரிக்கரை ஆலம்பாடியின் பெயரைத் தாங்கிய மாட்டினம் இந்த மலைகளில் நடந்து மேய்ந்து உருவானது. கூடவே யானையும் காட்டெருமையும் நாற்கொம்பு மானும் இதே புல்லைத் தின்று வாழ்ந்திருக்கின்றன.

2014-ல் சுமார் 504 சதுர கிலோமீட்டர் காட்டைக் கொண்டு காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022 நவம்பரில் மேலும் 686 சதுர கிலோமீட்டர் காவேரி தெற்குச் சரணாலயமானது. இரண்டும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் காப்புக்காடுகள்தாம். ஆற்றுக்கு அக்கரையில் கர்நாடகத்தின் காவேரிச் சரணாலயமும் மலை மாதேஸ்வரா சரணாலயமும் இருக்கின்றன. வடக்கே ஜவளகிரிக் காடு பன்னேர்கட்டா வரை தொடர்கிறது. யானைக்கு இது ஒரே வீடு.

இந்த வீட்டுக்குள் மாடு போகலாமா கூடாதா என்றுதான் எல்லோரும் வாதாடுகிறார்கள். முன்பு வருஷத்தில் நாலைந்து மாதம் மட்டும் காட்டில் இருந்த மாடு, ஏன் இப்போது பத்து மாதம் அங்கேயே கிடக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. அதைக் கேட்டால் விடை காட்டுக்கு வெளியே, பட்டா நிலத்திலும் புறம்போக்கிலும் கிடைக்கும்.

பன்னிரண்டு மாதக் கணக்கு

மானாவாரிக் கொல்லைகளில் ஆனியிலிருந்து ஆவணிக்குள் கேழ்வரகு, சாமை, அவரை எல்லாம் விதைத்து முடிந்துவிடும், கொள்ளு அதற்குப் பிறகு. விதைத்த நாள் முதல் அறுப்பு முடியும் வரை கொல்லைக்குள் மாட்டை விட முடியாது. ஆகவே மாடு மலையேறும். அது மழைக்காலம், காட்டில் புல் பச்சை பிடித்திருக்கும், ஓடைகளில் தண்ணீர் ஓடும். காட்டு விலங்குகளும் பரவலாகப் பிரிந்து கிடக்கும். ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளத் தேவையிருக்காது.

கார்த்திகை, மார்கழியில் அறுப்பு முடிந்ததும் மாடு இறங்கும். தையிலிருந்து அறுத்த தாள் (பயிரின் அடிக்கட்டை), உதிர்ந்த கொள்ளு, மொச்சைக் கொடி, வரப்புப் புல். கொல்லைக்காரர் மேய்ச்சலுக்குக் காசு கேட்கமாட்டார். மாடு போடும் சாணிதான் கூலி. செம்மறி ஆடு வைத்திருப்பவர் கிடை போட்டால் கொல்லைக்காரரே தானியம் கொடுப்பார். மாசி, பங்குனியில் வைக்கோல் போரும் ஏரி உள்வாயும் ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலமான மேய்க்கால் புறம்போக்கும் தாங்கும். சித்திரை, வைகாசி கஷ்டகாலம். வேலங்காய், வாகைக்காய், கொஞ்சம் சோளத்தட்டு என்று ஓட்டினால் கோடை மழை வந்துவிடும்.

காடு, கொல்லை, மேய்க்கால் என்ற இந்த மூன்று கால் முக்காலியில் இரண்டு கால்கள் ஒடிந்துபோயின.

பாலக்கோடு, ராயக்கோட்டை வட்டாரத்தில் கேழ்வரகுக் கொல்லைகள் தக்காளித் தோட்டங்களாகிவிட்டன. ஒரு பயிர் முடிந்தால் அடுத்தது வந்துவிடுகிறது, நிலம் தரிசாகக் கிடப்பதே இல்லை. கொம்பும் கயிறும் சொட்டுநீர்க் குழாயும் இருக்கும் நிலத்தில் மாடு காலை வைத்தால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் நஷ்டம். காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பு. தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் ரோஜாப் பசுமைக்குடில். பெங்களூரு பக்கத்தில் இருப்பதால் பண்ணை வீட்டுக்கென்று நிலம் வாங்குகிறவர்களும் அதிகம். வாங்கியதும் முதல் வேலை கம்பி வேலி. அந்த நிலத்தில் விளைச்சல் எதுவும் இருக்காது, இடுப்பளவு புல் காய்ந்து கிடக்கும், ஆனால் ஒரு மாடு உள்ளே போக முடியாது.

மேய்க்கால் புறம்போக்கின் கதை இன்னும் சுருக்கம். ஊரில் புதிதாக எந்தக் கட்டடம் வந்தாலும், வீட்டுமனை கொடுப்பதானாலும், மரம் நடும் திட்டமானாலும் முதலில் கை வைப்பது அதில்தான். மிச்சத்தை ஒட்டியுள்ள பட்டாதாரர் உழுது சேர்த்துக்கொள்வார். காகிதத்தில் 20 ஏக்கர் இருக்கும், தரையில் நாலு ஏக்கர் சீமைக்கருவேலம் இருக்கும்.

விளைவு, தையில் இறங்க வேண்டிய மாட்டுக்கு இறங்க இடமில்லை. மாசி, பங்குனி, சித்திரையிலும் காட்டுக்குள்ளேயே நிற்கிறது. அப்போதுதான் காட்டு விலங்குக்கும் பசி, தாகம். கேடு பெரும்பாலும் இந்த நாலு மாதத்தில் நடக்கிறது.

காட்டுக்கு என்ன ஆகிறது

250 கிலோ எடையுள்ள நாட்டு மாடு ஒரு நாளைக்குச் சுமார் 6 கிலோ உலர்தீவனம் தின்னும். பச்சையாகச் சொன்னால் 25 கிலோ வரை. 3,000 கிலோ எடையுள்ள பெண் யானைக்கு உலர்நிலையில் 40 கிலோ அளவுக்குத் தேவை. 100 மாடுகள் உள்ள ஒரு பட்டி ஒரு நாளில் எடுப்பது 600 கிலோ, அதாவது 15 யானைகளின் பங்கு. இரண்டும் எப்போதும் ஒரே தீனியைத் தின்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மழைக்குப் பிறகு யானை புல்லைத் தேடும், கோடையில் பட்டை, கிளை, மூங்கில் என்று மாறிக்கொள்ளும். மாட்டுக்கு எந்தக் காலத்திலும் புல்தான். காட்டெருமைக்கும் புள்ளிமானுக்கும்தான் மாடு நேர்ப் போட்டி.

ஆடு வேறு கணக்கு. 25 கிலோ எடையுள்ள வெள்ளாடு ஒரு நாளைக்கு ஒரு கிலோ அளவுக்கு உலர்தீவனம் தின்னும். அளவு கொஞ்சம், ஆனால் தேர்ந்தெடுப்பது தளிரும் இளங்கன்றும். ஓடையோரத்து மருது, நாவல், ஆச்சா கன்றுகள் முழங்கால் உயரத்தைத் தாண்டுவதே இல்லை. தாய்மரம் விழுந்தால் அந்த இடத்துக்கு வாரிசு இருக்காது. காவிரிக்கரையில் வாழும் சாம்பல் மலை அணிலுக்குக் கிளையோடு கிளை தொட்டு நிற்கும் மரங்கள் வேண்டும், அது தரையிறங்கி நடக்கும் விலங்கில்லை. ஆகவே மேய்ச்சல் என்று பொதுவாகப் பேசாமல் மாட்டையும் ஆட்டையும் பிரித்துப் பேசுவதுதான் நியாயம். ஓடைக்கரையில் ஆடு கூடாது என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

காலையில் கிளம்பி மாலையில் பட்டிக்குத் திரும்ப வேண்டிய மாடு நாலைந்து கிலோமீட்டருக்கு மேல் விலகாது. அதனால் பட்டியைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தேய்மானம் ஏறும். உள்வட்டத்தில் மண் இறுகி மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது. ஒரு மாடு நாளைக்குப் போடும் 10 கிலோ சாணியில் பாதி ராத்திரியில் பட்டிக்குள் விழும் என்று வைத்துக்கொண்டால், 100 மாட்டுக்கு ஒரு ராத்திரியில் 500 கிலோ, நாலு மாதத்தில் 60 டன். அதை டிராக்டரில் அள்ளி சமவெளித் தோட்டங்களுக்கு விற்றால் ஏறக்குறைய 20 லோடு. காட்டின் உரம் வருஷாவருஷம் காட்டைவிட்டு வெளியேறுகிறது. பல பட்டிகளில் பாலைவிடச் சாணிதான் வருமானம் என்பதால் பட்டியை நகர்த்தச் சொன்னால் எதிர்ப்பு வருகிறது.

பட்டி மாடுகள் எல்லாம் மேய்ப்பவருக்குச் சொந்தமானவை என்று நினைத்துவிடக் கூடாது. கீழே ஊரில் இருப்பவர் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விட்ட மாடுகள் கணிசமாக இருக்கும். மாடு அவருடையது, பிறக்கும் கன்றில் பங்கு மேய்ப்பவருக்கு. அபராதம் விழும்போது மாட்டுக்காரர் பெயர் வெளியே வராது, காட்டில் நிற்கிற மனிதர்தான் மாட்டிக்கொள்வார்.

நோய்தான் யாரும் அதிகம் பேசாத பகுதி. கோமாரியும் தோல் கழலையும் மாட்டிலிருந்து காட்டு விலங்குக்குப் போகக்கூடியவை. ஆட்டுக்கொல்லி நோய் மானினங்களையும் தாக்கும். 1968-ல் முதுமலையில் வெக்கை நோய் வந்து காட்டெருமைகள் கூட்டம் கூட்டமாக மடிந்தது தமிழ்நாட்டுக் காடு கண்ட பெரிய பாடம். வெக்கை நோய் உலகத்திலிருந்தே ஒழிக்கப்பட்டுவிட்டது, மற்றவை இருக்கின்றன. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) எல்லாவற்றையும்விட மோசம். திடீரென்று செத்து, மூக்கு வாய் வழியே உறையாத கருரத்தம் வந்தால் அந்தப் பிணத்தை அறுக்கவே கூடாது. காற்றுப் பட்டதும் கிருமி விதையாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். அந்த மண்ணில் மேயும் மாடும் சாகும், யானையும் சாகும். ஆறடிக் குழி, மேலும் கீழும் சுண்ணாம்பு, கால்நடை மருத்துவருக்குத் தகவல், இவை மூன்றும் அன்றைக்கே நடக்க வேண்டும்.

பட்டி நாய்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாற்கொம்பு மான் குட்டியைப் புல்லில் ஒளித்து வைத்துவிட்டு மேயப் போகும். காவலுக்கென்று வந்த நாய் அதை மோப்பம் பிடித்துவிடும். நாய் இருக்கும் இடத்துக்குச் சிறுத்தையும் தானாக வரும்.

கோடையில் தண்ணீருக்கு நேரக்கணக்கு உண்டு. வெயில் ஏறி 11 மணியிலிருந்து மூன்று மணி வரை மாடுகள் குட்டையில் படுத்துக் கலக்கும். நாலு மணிக்குமேல் யானை வரும். மூன்றரைக்குள் மாடு விலகிவிட்டால் மோதல் கிடையாது. ஆடி அசைந்து ஐந்து மணிக்குத் திரும்புகிற மேய்ப்பர்தான் யானையின் எதிரில் போய் நிற்கிறார்.

மேய்ச்சலால் நன்மையே இல்லை என்று சொல்வதும் உண்மையாகாது. மழைக்காலத்தில் மாடு மேய்ந்த இடத்தில் கோடையில் எரியக் காய்ந்த புல் குறைவாக இருக்கும். காட்டில் தீ கண்டால் முதலில் ஓடிவந்து சொல்வதும் மேய்ப்பர்தான். அதே மேய்ப்பர்களில் சிலர் மாசியில் புதுத் துளிர் வரட்டும் என்று தீ வைப்பதும் நடக்கிறது. தீக்குப் பிறகு முதலில் தலைதூக்குவது எலுமிச்சை வாசம் வீசும் முரட்டுப் புல்லும் உண்ணிச்செடியும். அந்தப் புல்லை இளசாக இருக்கும்போது பத்து நாள் தின்னலாம், முற்றினால் மாடு முகர்ந்துகூடப் பார்க்காது. உண்ணிச்செடியைப் பசியில் தின்றுவிட்டால் காமாலை கண்டு காதும் மூக்கும் வெந்து தோல் உரியும். தீ வைப்பது தன் மாட்டின் தீனியைத் தானே அழிப்பது.

வேலிகளும் மாட்டுவழிகளும்

பட்டா நிலத்தைச் சுற்றி வேலி போடுவது உரிமையாளரின் உரிமை. எங்கே, எப்படிப் போடுகிறார் என்பதில்தான் காடும் மேய்ப்பரும் பக்கத்து விவசாயியும் பாதிக்கப்படுகிறார்கள்.

முதலில் வழி. கிராமத்திலிருந்து காட்டுக்கும் ஏரிக்கும் மாடு போகும் பாதை பல இடங்களில் வண்டிப்பாதைப் புறம்போக்காகக் கிராம வரைபடத்திலும் புலப்படத்திலும் பதிவாகி இருக்கும். வேலி போடுகிறவர் பத்தடிப் பாதையை உள்ளே சேர்த்து அடைத்துவிட்டால், வாய்த்தகராறு பண்ணுவதில் பயனில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டில் அந்தப் புல எண்ணின் வகைப்பாட்டைப் பார்க்க வேண்டும். வண்டிப்பாதை அல்லது மேய்க்கால் என்று இருந்தால் புலப்பட நகலோடு வட்டாட்சியருக்கு மனு, நில அளவர் அளந்து கல் காட்ட வேண்டும், பிறகு 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ம் பிரிவில் நோட்டீஸ், 6-ம் பிரிவில் அகற்றல். வழி வெறும் பழக்கத்தில் மட்டும் இருந்து, பதிவில் இல்லையென்றால் இந்த வழக்கு நிற்காது. அங்கே நிலத்துக்காரரோடு உட்கார்ந்து பேசுவதுதான் ஒரே வழி.

அடுத்தது மின்வேலி. முறையான சூரிய மின்வேலியில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஒரு பெட்டி நொடிக்கு ஒரு முறை, ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவான துடிப்பாக மின்சாரத்தைக் கம்பிக்கு அனுப்பும். அழுத்தம் ஐந்தாயிரம் வோல்ட்டைத் தாண்டும், ஆனால் துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி இருப்பதால் தொட்டது உதறிக்கொண்டு விலகிவிடும். வீட்டு லைனை நேராகக் கம்பியில் கொடுத்தால் இடைவெளியே கிடையாது, தசை இறுகிப் பிடித்துக்கொண்டு சாகும். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் அப்படித்தான் செத்தன, இரண்டு குட்டிகள் தாயின் உடலைச் சுற்றி நின்றன. அதே கம்பி மாட்டையும் கொல்லும், விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதரையும் கொல்லும். அதே ஆண்டு தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்வதற்கான விதிகளைக் கொண்டுவந்தது. காப்புக்காட்டை ஒட்டிய பகுதியில் வனத்துறை அனுமதி இல்லாமல் மின்வேலி போட முடியாது.

முறையான வேலியும் பல இடங்களில் வேலை செய்வதில்லை. முக்கியக் காரணம் எர்த்து. ஆறடிக் கம்பி குறைந்தது மூன்று, பத்தடி இடைவெளியில், ஈரமுள்ள இடத்தில் இறங்கியிருக்க வேண்டும். செலவு மிச்சம் என்று ஒன்று மட்டும் போட்டால் கோடையில் மண் காய்ந்ததும் வேலியில் உறைப்பே இருக்காது. இரண்டாவது காரணம் செடி. மழைக்குப் பின் புல்லும் கொடியும் கீழ்க்கம்பியைத் தொட்டாலே அழுத்தம் பாதியாகிவிடும். வாரத்துக்கு ஒரு முறை கம்பியடியைச் சுத்தம் செய்யாத வேலியை யானை ஒரே வாரத்தில் புரிந்துகொள்ளும். தந்தத்தில் மின்சாரம் பாயாது என்பதும், கம்பத்தைக் காலால் தள்ளினால் கம்பி சாயும் என்பதும் அதற்குத் தெரியும்.

பயிரையும் வீட்டையும் மட்டும் சுற்றி வேலி போட்டால் யானைக்கும் மாட்டுக்கும் இடைவெளி கிடைக்கும். 30 ஏக்கர் தரிசையும் சேர்த்து வளைத்தால் ஐப்பசியில் ஜவளகிரிப் பக்கம் வரும் யானைக்கூட்டம் வழி மாறிப் பக்கத்துக் கேழ்வரகுக் கொல்லைக்குள் இறங்கும். வசதியுள்ளவர் நிலம் தப்பிக்கும், மூன்று ஏக்கர்காரர் பரண் கட்டி விழித்திருப்பார்.

சட்டம் சொல்வது

2022 மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. அதே மாதத்திலேயே ஆணையைத் திருத்தி, தடை தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்றது. அன்றைக்குச் சாதாரணக் காப்புக்காடாக இருந்த காவிரிக்கரைக் காடுகள் எட்டு மாதம் கழித்துக் காவேரி தெற்குச் சரணாலயமானபோது தடைக்குள் வந்துவிட்டன. அந்த ஊர்களில் பலருக்குத் தங்கள் காட்டின் பெயர் மாறியது வாட்சர் வந்து மாட்டை மறித்தபோதுதான் தெரிந்தது.

1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தேசியப் பூங்காவில் மேய்ச்சலுக்கு இடமே தரவில்லை. சரணாலயத்தில் அப்படி இல்லை. 33(ஈ) பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளர் மேய்ச்சலை முறைப்படுத்தலாம், கட்டுப்படுத்தலாம், தடுக்கலாம். 33அ பிரிவு இன்னும் முக்கியம். சரணாலயத்துக்குள்ளும் அதன் எல்லையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள்ளும் இருக்கும் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்வது அவருடைய கடமை. தடுப்பூசி போடாத கால்நடையை உள்ளே விடக்கூடாது என்பது மேய்ப்பரின் கடமை. இரு தரப்பும் மறந்துபோன பிரிவு இது.

இன்னொரு நுணுக்கம். பட்டா நிலத்தையும் சேர்த்துச் சரணாலயம் அறிவிப்பதானால் மாவட்ட ஆட்சியர் உரிமைகளை விசாரித்து, மனுப் பெற்று, 24-ம் பிரிவின்படி நிலத்தை விலக்கவோ கையகப்படுத்தவோ உரிமையைத் தொடர அனுமதிக்கவோ முடியும். முழுக்கக் காப்புக்காட்டை மட்டும் கொண்டு அறிவித்தால் இந்த விசாரணை தேவையில்லை. உரிமைகள் எல்லாம் 1882-ம் ஆண்டு மெட்ராஸ் வனச் சட்டப்படி காப்புக்காடு ஆக்கியபோதே தீர்க்கப்பட்டுவிட்டதாகக் கொள்வார்கள். ஆகவே பழைய காப்புக்காடு அறிவிக்கையைத் தேடி எடுப்பது வீண்வேலை இல்லை. எந்த ஊருக்கு எந்த வழி, எந்தத் தண்ணீர்த்துறை, எந்த மேய்ச்சல் ஒப்புக்கொள்ளப்பட்டது என்பது அப்போது பதிவாகியிருந்தால் அந்த அறிவிக்கையில்தான் இருக்கும்.

2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் 3(1)(ஈ) பிரிவில் மேய்ச்சலைச் சமுதாய உரிமையாகவே சொல்கிறது, ஓரிடத்தில் தங்கி மேய்ப்பதும் இடம்பெயர்ந்து மேய்ப்பதும் அதில் அடங்கும். சரணாலயக் காடும் அந்தச் சட்டத்தின் ‘வனநிலம்’தான். இருளர் போன்ற பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து அங்கே வாழ்வதைக் காட்டினால் போதும். மற்றவர்கள் அந்தத் தேதிக்கு முந்தைய 75 ஆண்டுகள், மூன்று தலைமுறையாகக் காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். மனு ஆ-படிவத்தில், கிராம சபையின் வன உரிமைக் குழு வழியாகப் போக வேண்டும். பழைய மேய்ச்சல் ரசீது, பட்டி இருந்த இடங்களின் வரைபடம், முதியவர்களின் வாக்குமூலம் எல்லாம் சான்றுதான். கீழே ஊரில் இருந்துகொண்டு வாரத்துக்கு மாடு விட்டவருக்கு இந்த உரிமை கிடையாது, கிடைக்கவும் கூடாது.

காகிதத்தில் உரிமையும் இல்லை, வெளியே புல்லும் இல்லை, தடை மட்டும் உண்டு என்றால் மேய்ச்சல் நிற்காது, ஒளிந்துகொள்ளும். ஒளிந்து மேயும் மாட்டைப் புலி அடித்தால் புகார் கொடுக்க முடியாது, இழப்பீடும் கேட்க முடியாது. 2025 ஜூனில் ஆற்றுக்கு அக்கரையில் மலை மாதேஸ்வரா மலையில் ஒரு தாய்ப்புலியும் நாலு குட்டிகளும் விஷம் தடவிய மாட்டின் பிணத்தைத் தின்று செத்தன. ஒரு மாட்டுக்கு ஐந்து புலி. முறையாகப் புகார் போகும் இடத்தில் வேலை இப்படி நடக்கும்: பிணத்தை நகர்த்தாமல் வைத்து, அன்றைக்கே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லி, கழுத்துக் கடியும் காலடித் தடமும் தெரியப் படம் எடுத்து, கால்நடை மருத்துவர் சான்று வாங்கி மனுவோடு இணைப்பது. பணம் வர ஆறு மாதம் இழுத்தால் அடுத்தவர் இந்த வழிக்கு வரமாட்டார் என்பதை அலுவலகத்தில் இருப்பவர்கள் உணர வேண்டும்.

புல்லுக்கு எங்கே போவது

மாட்டைக் கட்டிப் போட்டுத் தீனி கொடுங்கள் என்பது எளிய அறிவுரை. கணக்குப் பார்ப்போம். கம்பு நேப்பியர் என்ற தீவனப்புல் தண்ணீர் பாய்ந்தால் ஏக்கருக்கு ஆண்டுக்கு 150 டன் வரை கொடுக்கும், 15 மாட்டுக்குப் பச்சை சரியாகப் போகும். அஞ்செட்டி மலையில் அந்தத் தண்ணீர் எவரிடம் இருக்கிறது? மானாவாரிக்கு ஏற்ற கொழுக்கட்டைப் புல் ஏக்கருக்கு 16 டன் அளவுக்குத் தரும். ஒரு மாட்டுக்கு ஆண்டுக்கு ஒன்பது டன் வேண்டும். ஆக ஓர் ஏக்கருக்கு இரண்டு மாடுகூட நிற்காது. நாளுக்கு ஒன்றிரண்டு லிட்டர் கறக்கும் ஆலம்பாடி மாட்டுக்கு அந்த அளவு நிலம் ஒதுக்க யாருக்கும் கட்டாது. வருஷம் முழுவதற்குமான தீனி என்று யோசித்தால் தோற்போம். கோடை நாலு மாதத்துக்கு மட்டும் என்று யோசித்தால் ஏக்கருக்கு ஐந்து மாட்டுக்கு மேல் தாங்கும், கணக்கு உதைக்காது.

அந்த நாலு மாதத் தீனி விளையக்கூடிய இடம் மீட்கப்பட்ட மேய்க்கால். சீமைக்கருவேலத்தை வெட்டினால் போதாது, வேரோடு பிடுங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கொம்புக்கு ஐந்தாகத் துளிர்க்கும். அதன் காயைத் தின்ற மாட்டின் சாணியில் விதை உயிரோடு வரும் என்பதால் முதல் இரண்டு வருஷம் முளைக்கும் கன்றுகளையும் எடுக்க வேண்டும். ஆடி மழைக்குக் கொழுக்கட்டைப் புல் விதை ஏக்கருக்கு மூன்று கிலோ, நடுநடுவே முயல் மசால் என்ற தீவனப் பயறுச்செடி. முயல் மசால் விதையை அப்படியே தூவினால் பாதிக்குமேல் முளைக்காது. தோல் கெட்டி. 80 டிகிரி சூட்டில் இருக்கும் வெந்நீரில் நாலு நிமிஷம் போட்டு எடுத்து, ஆறவைத்து விதைக்க வேண்டும். முதல் வருஷம் மாட்டை உள்ளே விடாமல் அறுத்து மட்டுமே போட வேண்டும். இந்த ஒரு வருஷப் பொறுமை இல்லாமல்தான் ஊர்ப் பொதுத் தீவனத் திட்டங்கள் பெரும்பாலும் வீணாகின்றன.

இன்னொரு இடம் கண்முன்னே இருக்கிறது: மாந்தோப்பு. ஆடியிலிருந்து ஐப்பசி வரை, கொல்லையில் பயிர் நிற்கும் அதே மாதங்களில், தோப்புக்குள் புல் முழங்கால் அளவு வளரும். தோப்புக்காரர் காசு கொடுத்து உழுது அழிக்கிறார். அந்தப் புல்லை அறுத்துக்கொள்ள விட்டால் இருவருக்கும் லாபம். மரம் நாலு வயதைத் தாண்டியிருந்தால் மாட்டையே விடலாம், ஆட்டை விடக்கூடாது. மார்கழியில் பூ எடுக்கத் தொடங்கியதும் மருந்தடிப்பு வந்துவிடும், அதற்குமுன் நிறுத்திவிட வேண்டும். கல்டார் (பூக்க வைக்கும் மருந்து) ஊற்றிய மரத்தடிப் புல்லை அந்தப் பருவம் முழுக்கத் தொடாமல் விடுவது நல்லது.

இதோடு சேர்த்துக் காட்டுக்குள் என்ன அனுமதிக்கலாம் என்பதை ஊருக்கு ஊர் எழுதி வைக்கலாம். ஆடி முதல் மார்கழி வரை மட்டும், உள்ளூர்க்காரர் மாடு மட்டும், ஓடைக்கரையை விட்டு விலகி, ராத்திரிப் பட்டி காட்டு எல்லைக்கு வெளியே, நாய் கூடாது, மூன்றரைக்குள் திரும்ப வேண்டும். சரணாலயத்துக்குள் இதை இன்றைக்கு வனச்சரகரோ வாட்சரோ தனியாக அனுமதிக்க முடியாது, நீதிமன்ற ஆணை இருக்கிறது. வன உரிமைச் சட்டப்படி உரிமை ஏற்கப்படுவதும், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பின் கிராம சபையைக் கலந்து தயாரிக்க வேண்டிய சரணாலய மேலாண்மைத் திட்டத்தில் அது இடம்பெறுவதும்தான் வழி. காவேரி வடக்கிலும் தெற்கிலும் நிறைய மலை ஊர்கள் வன உரிமைச் சட்டத்துக்குள் வரும்.

இந்த உரிமை மனுவை எடுக்க ஜனவரி 26 கிராம சபை தோதானது. அறுத்த கொல்லை இன்னும் மிச்சமிருக்கும் ஊர்களில் அந்த நேரத்தில் மாடுகள் கண்முன்னே நிற்கும். யாருக்கு எத்தனை, எது சொந்தம், எது வாரம் என்று எண்ணி எழுதலாம், காதுவில்லை எண்ணையும் சேர்த்து. கோமாரித் தடுப்பூசி அப்போதே போட்டுவிட்டால் உடம்பில் எதிர்ப்பு ஏற மூன்று வாரம் ஆகும், ஆறு மாதத்தில் மறுபடியும் போட வேண்டும். அந்த இரண்டாவது ஊசி சரியாக ஆடியில், மாடு மலையேறும் சமயத்தில் வரும். வன உரிமை மனு பற்றிய கிராம சபைத் தீர்மானத்தில் யாராவது பாதிக்கப்பட்டால் 60 நாளுக்குள் கோட்ட அளவிலான குழுவிடம் முறையிடலாம். மனுவைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும், வாயால் சொன்னதை வைத்து மேல்முறையீடு எழுத முடியாது.